பத்தொன்பது பருவங்கள், ஒரே எறி: மரியானோ ரிவேராவும் ரிலீஃப் பிட்சரின் தொழிலும்

1992 நவம்பரில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் சேரவிருந்த இரண்டு புதிய அணிகளுக்கு ஆள் எடுத்தார்கள். ஒன்று கொலராடோ ராக்கீஸ், மற்றொன்று ஃபுளோரிடா மார்லின்ஸ். பழைய அணிகள் விட்டுக்கொடுக்க விரும்பாதவர்களை ஒரு பட்டியலில் எழுதிப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். பட்டியலில் இடம்பெறாதவர்களிலிருந்து புதிய அணிகள் ஆளுக்கு 36 பேரைப் பொறுக்கிக்கொள்ளும். நியூயார்க் யாங்கீஸ் எழுதிய பட்டியலில் 22 வயதான ‘பிட்சர்’ (பந்தெறிபவர்) மரியானோ ரிவேராவின் பெயர் இல்லை. அவர் பனாமாவின் புவெர்த்தோ கைமித்தோ என்ற மீனவ ஊர்ப் பையன். மூன்று மாதங்களுக்கு முன்புதான் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அன்று 72 பேர் அணி மாறினார்கள். அவரை யாரும் கேட்கவில்லை.

2013-இல் அவர் ஓய்வுபெற்றபோது 652 ‘சேவ்’ (அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுத்த கணக்கு) அவர் பெயரில் இருந்தன. அது இன்றும் சாதனை. 2019-இல் பேஸ்பால் புகழரங்கத்துக்கான வாக்கெடுப்பில் வாக்குச்சீட்டு அளித்த 425 பத்திரிகையாளர்களும் அவர் பெயரை எழுதியிருந்தார்கள். அதற்கு முன் எந்த ஆட்டக்காரருக்கும் முழு வாக்கு கிடைத்ததில்லை.

652 என்ற எண்தான் எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது. ஆனால் அவருடைய தொழிலின் அருமை அந்த எண்ணில் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஆட்டத்தின் நடுவில் வந்து எறியும் ரிலீஃப் பிட்சர்களில் ஒரு பருவம் அசத்துபவர்கள் ஆண்டுதோறும் பத்துப் பேர் கிளம்புகிறார்கள். நான்காவது ஆண்டில் அவர்களில் பாதிப் பேரைக் காணோம். ரிவேரா 19 பருவங்கள் நின்றார். மற்றவர்கள் ஏன் உடைகிறார்கள், அவர் ஏன் உடையவில்லை என்று பார்த்தால் இந்த வேலை எப்படிப்பட்டது என்பதும் விளங்கும்.

கிரிக்கெட் பழகியவர்களுக்கு முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஐந்து ஓவர் போட்டு ஃபைன் லெக்கில் நின்றுவிட்டு மறுபடியும் பந்தை வாங்கலாம். பேஸ்பாலில் ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்ட பிட்சர் அன்றைக்குத் திரும்ப வர முடியாது. ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், மொத்தம் 27 அவுட். இவற்றை ஒரே ஆள் எடுப்பது இப்போது மிக அபூர்வம். ஆட்டத்தைத் தொடங்கும் ‘ஸ்டார்ட்டர்’ தொண்ணூறு, நூறு பந்துகள் எறிந்து ஐந்தாறு இன்னிங்ஸ் தாங்குவார். மிச்சமுள்ள ஒன்பது முதல் பன்னிரண்டு அவுட்கள் வரை ரிலீவர்களின் பங்கு. மைதானத்தின் ஓரத்திலோ வேலிக்குப் பின்னாலோ ‘புல்பென்’ என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஏழெட்டுப் பேர் தொலைபேசி மணிக்குக் காத்திருப்பார்கள். ஆட்டம் இழுபறியாக இல்லாத நாளில் களைத்த ஸ்டார்ட்டருக்குப் பதில் பல இன்னிங்ஸ் சுமப்பவர் ஒருவர், ஆறு ஏழாம் இன்னிங்ஸ்காரர்கள் சிலர், எட்டாவதுக்கு ஒரு ‘செட்டப்’ ஆள், ஒன்பதாவதுக்கு ‘குளோசர்’. இதுதான் வழக்கமான படிவரிசை.

இந்த வேலைக்கென்றே யாரும் சிறுவயதில் புறப்படுவதில்லை. ரிலீவர்களில் பெரும்பாலோர் ஸ்டார்ட்டராக நிலைக்க முடியாதவர்கள். ஸ்டார்ட்டர் ஒரே மட்டையாளரை ஒரே ஆட்டத்தில் மூன்று முறை சந்திக்க வேண்டும். மூன்றாவது முறைக்குள் மட்டையாளருக்குப் பந்தின் வேகமும் வளைவும் பிடிபட்டுவிடும். அதனால் ஸ்டார்ட்டரிடம் குறைந்தது மூன்று நல்ல எறிவகைகள் இருக்க வேண்டும். இரண்டுதான் இருக்கிறதென்றால் ரிலீஃப். ரிலீவர் ஒரு மட்டையாளரை ஒரு முறைதான் பார்க்கிறார், பதினைந்து இருபது பந்துகளோடு வேலை முடிந்துவிடுகிறது. சக்தியை மிச்சம் பிடிக்கத் தேவையில்லாததால் அதே கையிலிருந்து மணிக்கு ஒன்றிரண்டு மைல் கூடுதல் வேகமும் கிளம்புகிறது.

ரிவேராவும் இந்த வழியில்தான் வந்தார். 1990-இல் யாங்கீஸ் அவரை ஒப்பந்தம் செய்தபோது கொடுத்த முன்பணம் 3,000 டாலருக்கும் குறைவு. அந்த ஆண்டு கடைநிலைப் பயிற்சி லீக்கில் 52 இன்னிங்ஸ் எறிந்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் என்ற சராசரி, அதாவது இ.ஆர்.ஏ., 0.17. இருந்தாலும் வேகம் சாதாரணம்தான், மணிக்கு 90 மைலை ஒட்டி. 1995 மே 23-இல் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம், ஸ்டார்ட்டராக. கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியிடம் மூன்றேகால் இன்னிங்ஸ் சொச்சத்தில் ஐந்து ரன் கொடுத்துத் தோற்றார். சில வாரங்களில் கீழே கொலம்பஸ் அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கேதான் திருப்பம் வந்தது. தோள்பட்டை வலிக்காக இரண்டு வாரம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பியவரின் பந்து 95, 96 மைல் காட்டியது. டேவிட் வெல்ஸ் என்ற ஸ்டார்ட்டருக்கு ஈடாக ரிவேராவை டெட்ராய்ட் அணிக்குக் கொடுக்கலாமா என்று யாங்கீஸ் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பொது மேலாளர் ஜீன் மைக்கேலுக்கு அந்த எண்ணை நம்ப முடியவில்லை. வேகமானி தவறாகக் காட்டுகிறதோ என்று சந்தேகப்பட்டு, அதே ஆட்டத்தைப் பார்த்த வேறொரு அணியின் தேர்வாளரிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டார். பேச்சு அதோடு நின்றது. ஜூலை 4-இல் சிகாகோ வைட் சாக்ஸுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ், 11 ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமலே மட்டையாளர் வெளியேறுவது), ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பருவம் 5.51 என்ற மோசமான இ.ஆர்.ஏ.யோடுதான் முடிந்தது. பத்து ஆட்டங்களில் ஸ்டார்ட்டராக இறங்கியிருந்தார். அதன் பிறகு ஒரு ஆட்டத்தையும் அவர் தொடங்கியதில்லை.

1996 பருவம் தொடங்குமுன் மறுபடியும் ஒரு கண்டம். ஷார்ட்ஸ்டாப் என்ற உள்வட்டத் தடுப்பாளர் இடத்துக்கு ஆள் தட்டுப்பாடு வரவே, சியாட்டிலின் ஃபெலிக்ஸ் ஃபெர்மினுக்கு ஈடாக அவரைத் தரலாம் என்ற யோசனை உரிமையாளர் வரை போய், ஆலோசகர்களின் தடையால் நின்றது. அந்த ஆண்டு குளோசர் ஜான் வெட்லண்டுக்கு முன்னால் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ்களை ரிவேரா எடுத்துக்கொண்டார். 107 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து 130 ஸ்ட்ரைக் அவுட், 2.09 இ.ஆர்.ஏ. ஆறு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்த ஆட்டங்களில் யாங்கீஸ் 70 வென்றது, 3 மட்டுமே தோற்றது. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் ரிவேரா மூன்றாம் இடம் பெற்றார். அவர் பெயரில் அப்போது வெறும் ஐந்து சேவ். என் கணிப்பில் அவர் வாழ்க்கையிலேயே அணிக்கு அதிகம் பயன்பட்ட பருவம் இதுதான்.

அப்படியென்றால் ‘சேவ்’ என்பது எதை அளக்கிறது?

சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் உருவாக்கிய கணக்கு இது. 1969-இல் மேஜர் லீக் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது, 1975 முதல் இன்றைய வடிவில் இருக்கிறது. வென்ற அணியின் கடைசிப் பிட்சராக இருக்க வேண்டும். வெற்றி வேறொருவர் கணக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும். குறைந்தது ஒரு அவுட்டாவது எடுத்திருக்க வேண்டும். இவற்றோடு மூன்றில் ஒன்று பொருந்த வேண்டும். மூன்று ரன்னோ அதற்குக் குறைவாகவோ முன்னிலை இருக்கும்போது வந்து ஒரு முழு இன்னிங்ஸ் எறிவது ஒன்று. சமன் செய்யும் ரன்னை எடுக்கக்கூடியவர் பேஸிலோ (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய மூலைகளில் ஒன்றிலோ), மட்டையோடோ, அடுத்த மட்டையாளராகவோ நிற்கும்போது வருவது இன்னொன்று. முன்னிலை எவ்வளவாக இருந்தாலும் கடைசி மூன்று இன்னிங்ஸ்களைத் தாங்கி முடிப்பது மூன்றாவது. முன்னிலையைக் கோட்டைவிட்டால் அது ‘புளோன் சேவ்’.

இந்த விதியின் குறை முதல் வகையிலேயே தெரிகிறது. ஒன்பதாவது இன்னிங்ஸில், பேஸ்களில் ஆளில்லாமல், மூன்று ரன் முன்னிலையோடு ஒருவர் வருகிறார். அந்த நிலையில் யார் எறிந்தாலும் நூற்றுக்கு 95 ஆட்டங்களுக்கு மேல் வெற்றிதான். ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலை, மூன்று பேஸும் நிரம்பி, ஒரு அவுட்கூட இல்லாத நிலையில் வந்து மூவரையும் வெளியேற்றுபவருக்குச் சேவ் கிடையாது. ஆட்டத்தைக் காப்பாற்றியது யார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் சம்பளத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் எண்தான் பேசும்.

மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு ‘பணி ஆண்டு’. பொதுவாக முதல் மூன்று பணி ஆண்டுகளுக்கு அணி கொடுப்பதுதான் சம்பளம், குறைந்தபட்சத்தை ஒட்டியே இருக்கும். அடுத்த மூன்றில் நடுவர் மன்றத்தில் வாதாடலாம். ஆறு முடிந்தால்தான் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை. 2017-இல் யாங்கீஸின் டெல்லின் பெட்டான்சஸ் அந்த நடுவர் மன்றத்தில் 50 லட்சம் டாலர் கேட்டார். மூன்று ஆண்டுகளாகக் கடினமான நடு இன்னிங்ஸ்களைச் சுமந்து, ஒவ்வொரு ஆண்டும் ஆல் ஸ்டார் அணியில் இடம்பிடித்தவர். குளோசருக்குரிய சேவ் எண்ணிக்கை அவரிடம் இல்லை என்பது அணியின் வாதம். தீர்ப்பு 30 லட்சம். எந்த இன்னிங்ஸில் எறியச் சொல்கிறார்கள் என்பது பிட்சர் கையில் இல்லை. அதற்காக அவர் சம்பளத்தில் வெட்டு விழுவது சரியில்லை.

படிவரிசையின் அடியில் இருப்பவர்களின் நிலை இன்னும் கஷ்டம். அணியில் 26 பேர், அதில் பிட்சர்கள் 13-க்கு மேல் கூடாது. நேற்று 35 பந்து எறிந்த ரிலீவர் இன்று பயன்படமாட்டார். உடனே அவரைக் கீழ் லீக்குக்கு அனுப்பிவிட்டு, ஓய்வில் இருக்கும் புதுக் கையை வரவழைப்பார்கள். இப்படி அனுப்பும் உரிமைக்கு ‘ஆப்ஷன்’ என்று பெயர், ஒரு ஆட்டக்காரர் மீது அது மூன்று பருவங்களுக்குச் செல்லும். ஒரு பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் அனுப்பக்கூடாது என்ற கட்டுப்பாடு 2022-இல்தான் வந்தது. நன்றாக எறிந்த மறுநாளே, நன்றாக எறிந்த காரணத்துக்காகவே பெட்டி கட்டியவர்கள் பலர்.

அவர்களை எடைபோடும் அளவுகோலும் கொடுமையானது. ஒரு ரிலீவர் 60 இன்னிங்ஸில் 15 ரன் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், இ.ஆர்.ஏ. 2.25. ஒரு இரவு சறுக்கி, ஒரே அவுட் எடுத்து நான்கு ரன் கொடுத்தால் அது 2.83 ஆகிவிடும். 180 இன்னிங்ஸில் 45 ரன் கொடுத்த ஸ்டார்ட்டருக்கும் அதே 2.25-தான். அதே நான்கு ரன் அவரை 2.45-க்குத்தான் தள்ளும். ஐந்தாறு மாத உழைப்பின் மதிப்பு ஒரே இரவில் மாறிப்போவது ரிலீவருக்கு மட்டும்தான்.

கணக்கில் வராத உழைப்பும் இருக்கிறது. தொலைபேசி ஒலித்ததும் எழுந்து, பந்தைப் பிடிக்கும் கேட்சரை நிற்கவைத்து மெதுவாக ஐந்தாறு பந்து, பிறகு உட்காரவைத்து முழு வேகத்தை நோக்கிப் பத்துப் பதினைந்து பந்து. அதற்குள் உள்ளே ஆட்டம் திசை மாறி ‘வேண்டாம், உட்கார்’ என்று செய்தி வரும். கை சூடேறி, வியர்த்து, பிறகு குளிர்ந்துவிடும். இரண்டு இன்னிங்ஸ் கழித்து மறுபடியும் மணி. களமிறங்காத நாளில் எறிந்த இந்தப் பந்துகள் எந்த அட்டவணையிலும் ஏறாது, ஆனால் முழங்கைக்குத் தெரியும். நல்ல மேலாளர் என்பவர் தேவையில்லாமல் ஆளை எழுப்பாதவர் என்று ரிலீவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

முதலில் அறுவது பெரும்பாலும் முழங்கையின் உட்புறத் தசைநார். மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இணைக்கும் சிறு பட்டை அது. முழு வேக எறியில் முன்கை பின்னால் வளைந்து சுண்டும்போது அந்தப் பட்டை தாங்கும் எல்லை வரை இழுபடுகிறது, சுற்றியுள்ள தசைகள் சுமையைப் பகிர்வதால்தான் தப்பிக்கிறது. தசை களைத்தால் பட்டை தனியாகச் சுமக்கும். முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ ஒரு நாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்தும் சிகிச்சையை 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்தார். நோயாளியின் பெயரே சிகிச்சையின் பெயராகிவிட்டது. திரும்பி வர 12 முதல் 18 மாதம். ரிவேராவுக்கும் 1992-இல் இதுதான் தேவைப்படும் என்று அஞ்சினார்கள், திறந்து பார்த்தபோது சேதம் அந்த அளவுக்கு இல்லை.

எரிக் கான்யேயை இங்கே நினைக்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் குளோசர், இவரும் தோற்ற ஸ்டார்ட்டர். 2002 முதல் 2004 வரை தொடர்ந்து 84 சேவ் வாய்ப்புகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை, அது இன்றும் சாதனை. அந்த மூன்று பருவங்களில் மட்டும் 152 சேவ், 2003-இல் சை யங் விருது. 2005-இல் முழங்கை போனது. வாழ்நாள் மொத்தம் 187-இல் நின்றுவிட்டது. உச்சத்தில் அவர் ரிவேராவைவிட அச்சமூட்டினார் என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த உச்சம் மூன்று பருவங்கள்தான் நீடித்தது.

ரிவேராவைக் காப்பாற்றியது அவர் எறிந்த விதம். வெட்லண்ட் டெக்சாஸுக்குப் போனதும் 1997-இல் அவர் குளோசரானார். அந்த ஜூனில், ஆட்டத்துக்கு முன் சக பிட்சர் ரமீரோ மெண்டோசாவோடு சாதாரணமாகப் பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது, நேராகப் போக வேண்டிய பந்து கடைசி நேரத்தில் விலகியது. மெண்டோசா எரிச்சலானார். ரிவேரா வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. பயிற்சியாளர் மெல் ஸ்டாட்டில்மையரோடு சேர்ந்து அந்த விலகலைப் போக்கச் சில வாரம் முயன்றார், முடியவில்லை. பிறகு அதையே வைத்துக்கொண்டார். அதுதான் ‘கட்டர்’.

சாதாரண வேகப்பந்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் குறுக்கே சம அழுத்தத்தோடு இருக்கும். பந்து பின்னோக்கிச் சுழன்று நேராகப் பாயும். கட்டரில் நடுவிரல் சற்றே கூடுதலாக அழுத்துகிறது. சுழற்சியின் அச்சு லேசாகச் சாய்கிறது, பந்து கடைசியில் சில அங்குலம் பக்கவாட்டில் நகர்கிறது. வலக்கைப் பிட்சர் எறிந்தால் இடக்கை மட்டையாளரின் கைப்பிடியை நோக்கி வரும், வலக்கை மட்டையாளரிடமிருந்து விலகிப் போகும். பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் மட்டையாளர் முன்னாலுள்ள தட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். பந்து வந்துசேர நொடியில் பத்தில் நான்கு பங்கு. அடிப்பதா விடுவதா என்ற முடிவை மட்டையாளர் அதில் முதல் பாதியிலேயே எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் அவர் பார்ப்பது 93 மைல் வேகத்தில் நேராக வரும் பந்து. மட்டை சுழன்று முடியும்போது பந்து தடித்த பகுதியில் இல்லை, மெலிந்த பிடியில் படுகிறது. மேஜர் லீக்கில் மட்டை மரம்தான், அதனால் ஒடிகிறது. 1999-இன் உலகத் தொடரில், அதாவது மேஜர் லீக்கின் இறுதித் தொடரில், அட்லாண்டாவின் ரையன் கிளெஸ்கோ ஒரே முறை ஆட வந்து மூன்று மட்டைகளை ஒடித்துக்கொண்டார். பொதுவாக வலக்கைப் பிட்சருக்கு இடக்கை மட்டையாளர்தான் தொல்லை. ரிவேராவிடம் அது செல்லவில்லை. இரு கையாலும் ஆடத் தெரிந்த சிலர் வழக்கத்துக்கு மாறாக அவருக்கு எதிரே வலக்கை மட்டையாளராகவே நின்றார்கள்.

இதன் பலன் ஸ்ட்ரைக் அவுட்டில் தெரிந்ததைவிடச் சிக்கனத்தில் தெரிந்தது. மட்டையாளர் இரண்டாவது பந்திலோ மூன்றாவதிலோ பலவீனமாகத் தட்டிவிட்டால் இன்னிங்ஸ் பதினைந்து பந்துக்குள் முடியும். 1,283 இன்னிங்ஸ் சொச்சத்தில் அவர் இலவசமாக பேஸ் கொடுத்தது 286 பேருக்குத்தான். மணிக்கட்டைத் திருகி எறியும் வளைபந்து அவரிடம் இல்லை. எந்தப் பந்தானாலும் அதே காலடி, அதே தோள் திருப்பம், அதே விடுபுள்ளி. 1996-க்குப் பிறகு வழக்கமான பருவத்தில் அவரை 81 இன்னிங்ஸ் தாண்ட அணி விடவும் இல்லை. 2002-இல் இடுப்புத் தசையும் தோளும் தொந்தரவு செய்து மூன்று முறை காயப்பட்டியலில் ஏறினார், 46 இன்னிங்ஸோடு அந்தப் பருவம் முடிந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் குளோசர் என்ற ஏற்பாடு, மேலாளர் டோனி லா ரூசா 1988-இல் ஓக்லண்டில் டென்னிஸ் எக்கர்ஸ்லியைக் கொண்டு நிலைநிறுத்தியது. அதற்கு முன் 1974-இல் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் 208 இன்னிங்ஸ் ரிலீஃப் எறிந்தார். இன்று எந்த அணியும் அதை அனுமதிக்காது. ஒரு இன்னிங்ஸ் ஏற்பாட்டைக் குறைசொல்பவர்கள் அது ஒரு கையை எத்தனை ஆண்டு காப்பாற்றியது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அக்டோபரில் இறுதிச்சுற்று வந்தால் அந்தச் சிக்கனத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவரை எட்டாவது இன்னிங்ஸிலேயே மேலாளர் ஜோ டோரி இறக்கிவிடுவார். இறுதிச்சுற்று ஆட்டங்கள் 96, இன்னிங்ஸ் 141, அவர் பொறுப்பில் விழுந்த ரன் 11. இ.ஆர்.ஏ. 0.70. மொத்தம் ஹோம் ரன் இரண்டுதான், 1997-இல் சாண்டி அலோமார், 2000-இல் ஜே பேட்டன்.

அவர் தோற்ற ஆட்டங்களையும் பார்க்க வேண்டும். ஒரு ரிலீவரின் தோல்வியில் அவர் பங்கு எவ்வளவு என்பது அங்கேதான் தெரியும்.

2001 நவம்பர் 4, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், எதிரணி அரிசோனா டைமண்ட்பேக்ஸ். யாங்கீஸ் 2-1 முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் ரிவேரா மூவரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒன்பதாவதில் மார்க் கிரேஸ் ஒரு ஹிட். அடுத்தவர் மெல்லத் தட்டிய பந்தை எடுத்து ரிவேராவே இரண்டாம் பேஸுக்கு எறிய, அது கைதவறி மைதானத்துக்குள் ஓடியது. அந்த வாழ்நாள் சாதனையாளரின் மிகப் பெரிய பிழை மட்டையாளருக்கு எறிந்த பந்தில் நடந்ததல்ல. பிறகு ஒரு அவுட், டோனி வோமாக்கின் டபுளால் (ஒரே அடியில் இரண்டாம் பேஸ் வரை போவது) ஆட்டம் சமன், ஒருவர் உடலில் பந்து பட்டு மூன்று பேஸும் நிரம்பின. மூன்றாம் பேஸ்காரர் ஓடிவிட்டால் தொடரே போய்விடும், ஆகவே உள்வட்ட வீரர்களை டோரி முன்னால் இழுத்தார். லூயிஸ் கொன்சாலஸுக்கு எறிந்த கட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்தது. மட்டையின் பிடிப் பக்கம் பட்டு, பந்து பலமில்லாமல் எழும்பியது. ஷார்ட்ஸ்டாப் டெரிக் ஜீட்டர் வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் நின்ற இடத்திலேயே பிடித்திருப்பார். அவர் தலைக்கு மேலே போய்ப் புல்லில் விழுந்தது. பந்தை மட்டையின் நடுவில் படவிடாததால் அது தூரம் போகவில்லை, தூரம் போகாததாலேயே அந்த இடைவெளியில் விழுந்தது.

2004-இல், உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில், பாஸ்டனுக்கு எதிரான நான்காவது ஆட்டம். ஒரு ரன் முன்னிலை, ஒன்பதாவதில் கெவின் மிலாருக்கு ஒரு வாக், அதாவது இலவச பேஸ். அவருக்குப் பதில் ஓட வந்த டேவ் ராபர்ட்ஸை மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து தடுத்துப் பார்த்தார். மட்டையாளருக்கு எறிந்த முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் இரண்டாம் பேஸைத் திருடினார், பில் மியூலரின் ஹிட்டில் ஓடிவந்து ஆட்டத்தைச் சமன் செய்தார். இந்தச் சறுக்கல் முழுக்க ரிவேராவுடையது, அந்த ஒரு வாக்கில் தொடங்கியது. அடுத்த ஆட்டத்தின் கதை வேறு. எட்டாவது இன்னிங்ஸில் டாம் கார்டன் முதல், மூன்றாம் பேஸ்களில் ஆள் விட்டுப்போன நிலையில், அவுட் எதுவும் இல்லாதபோது ரிவேராவைக் கூப்பிட்டார்கள். ஜேசன் வாரிடெக் உயரே அடித்த பந்து பிடிக்கப்பட்டது, மூன்றாம் பேஸ்காரர் ஓடிவந்து ஆட்டத்தைச் சமன் செய்தார். ரன் கார்டன் கணக்கில், புளோன் சேவ் ரிவேரா கணக்கில். அந்த நிலையில் ஒரே ரன்னோடு தப்பிப்பது நல்ல வேலை. ஆனால் புத்தகத்தில் தோல்வி என்றுதான் எழுதியிருக்கும். வழக்கமான பருவங்களில் அவருக்கு விழுந்த 80 புளோன் சேவ்களிலும் இந்த மாதிரி கலந்திருக்கிறது.

2011 செப்டம்பர் 19-இல் 602-ஆவது சேவ் எடுத்து டிரெவர் ஹாஃப்மனின் 601-ஐத் தாண்டினார். 2012 மே 3, கன்சாஸ் சிட்டி. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில், உயரே வரும் பந்துகளைத் துரத்திப் பிடித்தபோது வலது முழங்காலின் தசைநார் கிழிந்தது. ஓட்டப்பயிற்சிக்காக வாழ்நாள் முழுக்கச் செய்துவந்த பழக்கம் அது. வயது 42. அதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2013-இல் திரும்பி வந்து 44 சேவ், 2.11 இ.ஆர்.ஏ. அந்தக் கடைசிச் சுற்றில் மின்னசோட்டா அணி, ஒடிந்த மட்டைகளைச் சேர்த்துச் செய்த ஆடும் நாற்காலியை அவருக்குப் பரிசளித்தது.

652 இனி எட்டப்படுமா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை. கென்லி ஜேன்சனும் கிரெய்க் கிம்பரெலும் 400-ஐத் தாண்டியிருக்கிறார்கள், அதற்கு மேல் இன்னும் பெரிய தூரம் இருக்கிறது. அணிகளின் யோசனையும் மாறிவிட்டது. 2016-இல் பால்டிமோர் குளோசர் ஜாக் பிரிட்டன் 47 வாய்ப்பில் 47 சேவ், 0.54 இ.ஆர்.ஏ. என்று ஆடியவர். டொராண்டோவுக்கு எதிரான வாழ்வா சாவா ஆட்டத்தில், சேவ் வாய்ப்பு வரட்டும் என்று மேலாளர் அவரை வைத்துக்கொண்டே இருக்க, 11-ஆவது இன்னிங்ஸில் வேறொருவர் எறிந்த பந்து ஹோம் ரன்னாகி ஆட்டம் முடிந்தது. பிரிட்டன் புல்பென்னைவிட்டு வரவே இல்லை. அதே அக்டோபரில் கிளீவ்லண்ட், தன் சிறந்த ரிலீவர் ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது இன்னிங்ஸிலேயே இறக்கி உலகத் தொடர் வரை போனது. எதிரணியின் வலுவான மட்டையாளர்கள் எந்த இன்னிங்ஸில் வந்தாலும் நல்ல கையை அங்கே வை என்பது இன்றைய பாடம். 1996-இன் ரிவேரா செய்த வேலையும் அதுதான். ஆட்டத்துக்கு அது நல்லது, ஆனால் சேவ்கள் பலர் கையில் சிதறும்.

2013 செப்டம்பர் 26, யாங்கீ ஸ்டேடியம், எதிரணி டாம்பா பே. எட்டாவது இன்னிங்ஸில் வந்த ரிவேரா சந்தித்த நால்வரையும் வெளியேற்றினார். ஒன்பதாவதில் இன்னும் ஒரு அவுட் மீதமிருக்க, அவரை அழைத்துப்போக மேலாளர் வரவில்லை. பழைய தோழர்கள் ஆண்டி பெட்டிட்டும் ஜீட்டரும் மேட்டுக்கு நடந்து வந்தார்கள். பெட்டிட் தோளில் முகம் புதைத்து அவர் அழுதார். யாங்கீஸ் அன்று 0-4 எனத் தோற்றது. ஹூஸ்டனில் இன்னும் மூன்று ஆட்டங்கள் பாக்கி இருந்தன. அவர் எறியவில்லை.